இரண்டு என்று போட்டேன்

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய டேப்லட் தினமும் காலை ஒன்பது மணிக்கு டிங்கென்று ஒலிக்கும். மூன்றே கேள்விகள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? எத்தனை அடி நடந்தார்? தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறதா? என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து, தகடும் திருகாணியும் வைத்து முடுக்கி வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து, மூன்றுக்கும் பதில் போடுகிறவன் நான்தான். வலிக்கு இரண்டு என்று போடுவேன். 'அருமை' என்று ஒரு பச்சை நட்சத்திரம் வரும். வெளியூரில் இருக்கும் எங்கள் மகளின் போனிலும் அதே நட்சத்திரம் வருமாம். அம்மா கலக்குறாங்க என்று அவள் எழுதுவாள்.

இரண்டு என்பது நானாகப் போட்ட எண். அவளை ஒரு நாளும் கேட்டதில்லை.

காரணமில்லாமல் இல்லை. ஐந்துக்கு மேல் போட்டால் அழைப்பு வரும், உடனே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கும் என்று அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே ஒன்பது நாள் அவளுக்குப் புத்தி தடுமாறிப் போயிருந்தது. என்னை பஸ் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் வந்தால் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். குழாயைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். வயதானவர்களுக்கு வருவதுதான், சரியாகிவிடும் என்றார்கள். சரியாகத்தான் ஆனது. ஆனால் கையைக் கட்டியது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தாலும் இங்கேயே சாகிறேங்க. அங்க மட்டும் திரும்பக் கொண்டு போகாதீங்க" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது. லிஃப்டைச் சோதித்து எழுதும் சீட்டில், பார்க்காத கம்பியைப் பார்த்ததாக நான் எழுதியதில்லை. அப்படி எழுதிய ஒருவனை எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அந்த நான்தான் தினமும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து பொய் போட்டேன்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்து கால் பயிற்சி கொடுத்த பெண் இரண்டாம் வாரம் வரவில்லை. 'நல்ல முன்னேற்றம். இனி வீடியோவைப் பார்த்து நீங்களே செய்யலாம்' என்று டேப்லட்டில் வந்தது. பதினோராம் நாள், 'நீல மாத்திரை இனித் தேவையில்லை, வாழ்த்துகள்' என்று வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் பார்க்காமலா நிறுத்துவார், இவள் தேறிவிட்டாள் என்று மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். மிச்ச மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சே குறைந்துபோயிற்று. கூப்பிட்டால் ம் என்பாள். வீடியோவில் வருகிற பெண் சிரித்த முகத்தோடு பத்து அடி வைக்கச் சொல்லுவாள். இவள் வாக்கரைப் பிடித்தபடி, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பாள். வியர்த்து ஊற்றும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்படி நோகாமல் நின்றுகொண்டிருந்தால் கால் எப்படி வரும் என்று கத்துவேன். அவள் காலை வைப்பாள். பத்து அடி என்று போடுவேன். அது மட்டும் உண்மை.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் அவளை எழுப்பி உட்கார வைத்தேன். வலது காலை ஊன்றியதும் ஒரு சத்தம் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. படுக்க வைத்துவிட்டுக் காலைப் பார்த்தேன். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு கால்களையும் சேர்த்துப் பார்த்தால் வலது கால் குட்டையாக இருந்தது. லிஃப்ட் கூண்டு தரை மட்டத்துக்கு வராமல் இரண்டு விரற்கடை தள்ளி நின்றால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நான். இது எத்தனை நாளாக இப்படி இருந்ததோ தெரியவில்லை.

"வேண்டாங்க. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று அவள் என் கையைப் பிடித்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொண்டு போனால் கொடுத்த வாக்கு போய்விடும். போகாவிட்டால் இவளே போய்விடுவாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே டேப்லட் டிங்கென்றது.

ஒன்பது என்று போட்டேன். 'இது உங்கள் வழக்கமான பதில் அல்ல. இரண்டு என்று மாற்றவா?' என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தினேன். அழைப்பு வரவில்லை. இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போன் செய்தேன்.

எடுத்த நர்ஸ் ரொம்பத் தன்மையாகப் பேசினாள். விரல் தவறிப் பட்டிருக்கும் ஐயா, வீட்டில் நன்றாகத் தேறி வருகிறவர்களில் உங்கள் வீட்டம்மாதான் முதல், மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுகிறோம் என்றாள். கீழே விழுந்தாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். விழாமல் ஒரே நாளில் இரண்டு ஒன்பதாகாதே, நாளைக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்றாள்.

"அந்த ரெண்டு பொய்ம்மா" என்றேன். "முதல் நாள்லேர்ந்தே பொய். அவளைக் கேக்காம நானா போட்டது."

கட்டிலிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அந்த ரெண்டைப் பார்த்துத்தான் வலி மாத்திரையை நிறுத்தினோம்" என்றாள் நர்ஸ். "பயிற்சிக்கு ஆள் அனுப்புறதையும் அதனாலதான் நிறுத்தினோம். பன்னிரண்டு நாளா மாத்திரையே இல்லாமலா அவங்க நடந்தாங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆமாம் என்றேன். காலை அசைக்காமல் வைத்திருங்கள், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், திருகாணி நழுவியிருந்தால் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிவரும் என்றாள். அவள் உடம்பு தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். இனிமேல் நடப்பாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துப் பட்டை போட்டு இறுக்கினார்கள். கையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், விட்டார்கள். கூடவே இருப்பேன், கட்ட விடமாட்டேன் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். படி திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இறக்கி வைத்தார்கள். வந்த இருவரில் வயதில் பெரியவர் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, வலி எவ்வளவு இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"எனக்கென்னப்பா தெரியும்" என்றாள். "அவரைக் கேளுங்க. தினமும் அவர்தான் சொல்லிட்டு இருக்காரு."

அவர் கையில் ஊசியோடு என் பக்கம் திரும்பினார். சொல்ல எனக்கு ஒரு எண்ணும் தெரியவில்லை.