கேட்பது நான், திறப்பது மச்சான்

என் தங்கை மூன்றாவது முறையாக அதே புகாரோடு பட்டறைக்கு வந்து நின்றபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அண்ணன் மெக்கானிக் என்றால் தங்கைக்கு இளக்காரம்தான். இருந்தாலும் அவள் காரின் பானெட்டைத் திறந்தேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நாலு சிலிண்டரும் தாளம் தப்பாமல் ஓடின.

“ஒண்ணும் இல்ல. போயிட்டு வா.”

“காலைல ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு ஒரு சத்தம் வருது அண்ணா. இப்பல்லாம் சிக்னல்ல நிக்கும்போதும் வருது.”

“இருபத்தாறு வருஷமா எஞ்சின் சத்தத்தக் கேட்டே சோறு திங்கறவன் நான். எனக்கே காது குத்துறியா?”

“உங்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான், செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, சாவியை என் மேஜை மேல் விட்டெறிந்தாள். “வண்டி இங்கயே கெடக்கட்டும். நாளைக்குக் காலைல நானே வந்து ஸ்டார்ட் பண்றேன். எஞ்சின் ஆறிப் போயிருக்கும்போது கேளு.”

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு பத்துப் பன்னிரண்டு பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள். குழாய்களை அடுக்கிய குளிர்ப்பெட்டி பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் செய்யும். வண்டி நடுவழியில் நின்றால் அத்தனை பேரும் மறுநாளும் பட்டினி கிடக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. என் மனைவியின் தம்பி, என் மச்சான், பன்னிரண்டு வருடமாக என்னோடு வேலை செய்கிறான். வண்டி வந்தால் கேட்பது நான், திறப்பது அவன். பேரிங் என்று நான் சொன்னால் பேரிங்கைக் கழற்றுவான். கிளட்ச் என்றால் கிளட்ச். ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் கேட்க விட்டதில்லை. ஊரில் எல்லாரும் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் பட்டறை மட்டும் என் காதை வைத்து ஓடுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் தங்கை வந்து இறங்கினாள். நான் பானெட்டைத் தூக்கி நிறுத்தி எஞ்சின் மேல் கவிழ்ந்துகொண்டேன். மச்சான் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றான். அவள் சாவியைத் திருப்பினாள்.

மச்சானின் தோள் வெடுக்கென்று தூக்கிப்போட்டதைப் பார்த்தேன். பக்கத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோல. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். எனக்கு எஞ்சின் பிடித்ததும் அதன் பிறகு வந்த உறுமலும்தான் கேட்டது. வேறு எதுவுமே கேட்கவில்லை.

“கேட்டுச்சா?” என்றாள் தங்கை.

இனி சொல்லப்போவது எனக்கு அவமானம்தான், ஆனாலும் சொல்கிறேன். “கேட்டுச்சு” என்றேன்.

“என்ன மாமா, டேப்பெட்டா, செயினா?” என்றான் மச்சான். சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. எந்த ஸ்பேனரை எடுப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஆறிய எஞ்சினில் அப்படி ஒரு சத்தம் வந்தால் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். வால்வுகளை அழுத்தித் திறக்கிற டேப்பெட்டில் இடைவெளி கூடியிருக்கலாம். அது அரை நாள் வேலை, சரிசெய்துவிட்டால் தீர்ந்தது. இல்லையென்றால் டைமிங் செயின் தேய்ந்து தொய்ந்திருக்கலாம். கீழே சுற்றும் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது அந்தச் செயின்தான். அது பல் தாவினால் திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். அதோடு எஞ்சின் காயலான் கடைக்குத்தான். அந்த நேரம் என் தங்கை ஏதாவது ஒரு மேம்பாலத்தின் நடுவில், பின்னால் லாரி முட்டிக்கொண்டு வர, ஓட்டிக்கொண்டிருப்பாள்.

எனக்குத்தான் எதுவும் கேட்கவில்லையே. எந்தச் சத்தம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் வாய் சும்மா இருக்குமா?

“டேப்பெட்” என்றேன். சின்ன வியாதியாக இருக்கட்டும் என்கிற ஆசைதான், வேறென்ன.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு “சரி மாமா” என்று டூல்ஸ் எடுக்கப் போனான். தங்கை குளிர்ப்பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கால்களால் அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

எஞ்சின் மறுபடி ஆறும்வரை காத்திருந்து, மதியம் டேப்பெட் கவரைக் கழற்றினோம். பதினாறு வால்வு. மச்சான் ஒவ்வொன்றிலும் தகடு விட்டு இடைவெளியைப் பார்த்து அளவைச் சொல்லச் சொல்ல, நான் சாக்பீஸால் மேஜை மேல் எழுதினேன். பதினாறும் அளவு தப்பாமல் இருந்தன. டேப்பெட்டில் ஒரு குறையும் இல்லை.

மச்சான் மேலே இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் செயினுக்கு அடியில் ஒரு விரலை விட்டுத் தூக்கினான். விறைப்பாக இருக்க வேண்டிய செயின் ஒரு விரல் கனத்துக்கு மேலே வந்தது. டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரின் தண்டு கடைசிப் பல் வரை வெளியே வந்திருந்தது. அதற்கு மேல் தள்ள அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“செயின்” என்றேன்.

“ஆமா மாமா.”

அவன் சொன்ன தோரணை எனக்குச் சரியாகப் படவில்லை. புதிதாகத் தெரிந்துகொண்டவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அவன் கையைத் துணியில் துடைத்தான். சுத்தமான கையை இன்னொரு முறை துடைத்தான். “மொதல் தடவை வந்தப்பவே கேட்டுச்சு மாமா. செயின் மாதிரிதான் இருந்துச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு.”

“ஏண்டா சொல்லல?”

“நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கேக்காதது எனக்குக் கேக்குதுன்னா, எங்காதுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்.” கொஞ்சம் தயங்கினான். “போன வாரம் காது டாக்டர்கிட்டகூடப் போய்க் காட்டிட்டு வந்தேன். பெட்டிக்குள்ள உக்கார வச்சு டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. காது நல்லாத்தான் இருக்காம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தும்விட்டேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோய், பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன். டிவியை ஏன் இப்படி அலற விடுகிறாய் என்று என் மனைவி ஒரு வருடமாகக் கேட்கிறாள். அவளுக்குத்தான் அடிக்கடி தலைவலி வருகிறது என்று நான் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் காது போனதுகூடப் பெரிதில்லை. வயதானால் போகிறதுதான். நல்ல காது வைத்திருந்த ஒருவனை டாக்டரிடம் துரத்தியிருக்கிறேன். கூடப் பிறந்தவளை மூன்று வாரம் அந்தச் செயினோடு ரோட்டில் ஓட விட்டிருக்கிறேன். அதை நினைத்தபோது எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

“காலைல எனக்கு ஒண்ணுமே கேக்கல மச்சான். பொய் சொன்னேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “யானைக்கும் அடி சறுக்கும் மாமா.”

“யானை சறுக்கி உன் அக்கா நாத்தனார் மேல விழப் பாத்துச்சு. போய் ரேடியேட்டர் தண்ணிய எறக்கு.”

தங்கைக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அதை அச்சில் போட முடியாது. “கடைசியா ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “இப்ப நான் பேசினதாவது கேட்டுச்சா?”

“நல்லாவே கேட்டுச்சும்மா.”

மறுநாள் சாமான்கள் வந்தன. செயின், அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கட்டைகள், டென்ஷனர், பல்சக்கரங்கள். முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் கப்பியின் போல்ட் அசைவேனா என்று அடம்பிடித்தது. நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி இரண்டு பேரும் தொங்கிய பிறகுதான் மனம் இரங்கியது. முன் கவரைக் கழற்றினால், பிளாஸ்டிக் கட்டையின் நுனி உடைந்து, துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் கிடந்தன. பழைய செயினைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்த்தேன். வளைந்து தொங்கியது. புதியதைப் பிடித்தால் நிமிர்ந்து நின்றது.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, புதுச் செயினில் நிறம் தீட்டிய கண்ணிகளைப் பல்சக்கரங்களின் குறிகளோடு பொருத்தினோம். டென்ஷனரின் பின்னை உருவியதும் செயின் விறைத்தது. அப்புறம் கையாலேயே எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றினோம். எங்காவது ஒரு பல் தப்பியிருந்தால் அங்கே இடிக்கும், கை நின்றுவிடும். எங்கும் இடிக்கவில்லை. கவர் ஓரத்தில் பசை தடவி மூடினோம். அது இறுக ஓர் இரவு வேண்டும் என்பதால் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, எஞ்சின் பிடிக்காதபடி பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எண்ணெய் மேலே ஏறும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வைத்தோம். ஃபியூஸை மறுபடி மாட்டினான் மச்சான். அதற்குள் தங்கை வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்ப்பெட்டியும் பெல்ட் போட்டுக்கொண்டு தயாராக இருந்தது. “ஏழு மணிக்கு மொத வீடு. சீக்கிரம்” என்றாள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. மச்சான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

“எம் மூஞ்சில என்ன எழுதியிருக்கு? எஞ்சினக் கேளு. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.”

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் அதைக் காதில் வைத்து நான் பார்த்ததில்லை. முதலில் தப்பான பக்கம் வைத்துவிட்டு மாற்றிக்கொண்டான். மேலே வைத்துக் கேட்டான், முன்பக்கம் வைத்துக் கேட்டான், கீழே குனிந்து இன்னோர் இடத்தில் வைத்தான். அங்கேயே வெகுநேரம் நின்றான். தங்கை கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“செயின் நல்லா இருக்கு மாமா. சத்தமே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம்...” ஸ்க்ரூ டிரைவரை அதே இடத்தில் மறுபடி வைத்துப் பார்த்தான். “தண்ணி பம்ப்புல கீச்சுன்னு ஒரு சத்தம். பேரிங் போலத் தெரியுது. நேத்துக் கையால சுத்தினப்ப தெரியல, இப்ப பெல்ட் இழுக்கும்போது கேக்குது. பம்ப்பு நின்னா எஞ்சின் கொதிச்சு வண்டி நின்னுடும், இதோட அனுப்பக் கூடாது மாமா.”

நான் குனிந்து கேட்டேன். எனக்கு ஒரே உறுமல்தான், கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. தங்கைக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. நேரமாச்சு. நீ என்ன சொல்ற அண்ணா?”

மச்சான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றான். நான் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

“அவன் சொல்றதுதான். எறங்கு.”