மேகத்தில் தொங்கிய படிக்கட்டு

படிக்கட்டு பாதி வழி இறங்கியபோது மேகம் வந்து மூடிக்கொண்டது. பதினொரு படிகள் கொண்ட காங்கிரீட் வார்ப்பு அது. கிரேன் ஓட்டுநரின் கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே, எங்கிருந்தும் புறப்படாமல் எங்கும் போய்ச் சேராமல் சற்று நேரம் மிதந்து, பிறகு வெண்மையில் கரைந்துபோயிற்று. கம்பிவடம் மட்டும் விறைப்பாக நின்றது.

கீழே, பதினெட்டாம் தளத்தில் ஆறு பேர் நின்றிருந்தனர். அவர்களுள் வாக்கிடாக்கி ஏந்திச் சைகை சொல்பவன் ஓட்டுநருடைய மனைவியின் தம்பி. "ஹபீஸ்" என்றால் தூக்கவேண்டும். "அரியா" என்றால் இறக்கவேண்டும். எந்தக் கப்பலில் வந்து கரையேறிய சொற்களோ, ஒருவருக்கும் தெரியாது. பாரம் கண்ணுக்கு மறைந்த வேளையில் இவ்விரண்டையும் தவிர வேறெந்தச் சொல் காதில் விழுந்தாலும் கை நின்றுவிடவேண்டும் என்பது தொழிலின் விதி.

இரண்டாண்டுகளாக அவர்களிருவருக்கிடையே புழங்கியவையும் அச்சொற்களே. சொந்தபந்தம் கூடிய விருந்தொன்றில், "உன் பேச்சை நம்பி ஒரு செங்கல்லக்கூட நகத்த முடியாதுடா" என்று அவர் சொல்லிவிட்டார். பாதிச் சோற்றில் எழுந்தவன் பிறகு அவர் வாசலை மிதிக்கவில்லை. முறை சொல்லி அழைப்பதையும் விட்டுவிட்டான். மத்தளத்துக்கு இருபுறமும் இடியென்று மனைவிதான் நடுவில் கிடந்து அல்லற்பட்டாள். வேலைத்தளத்திலோ கேலிக்குக் குறைவில்லை. "மாமனும் மச்சானும் ரெண்டே வார்த்தையில குடும்பம் நடத்துறாங்கப்பா" என்பார் கம்பி கட்டுபவர்.

இன்று அவன் பேச்சை நம்பி நான்கு டன்னை இறக்கவேண்டும்.

"அரியா... அரியா..."

தாலாட்டுப்போல் சீராக வந்தது குரல். நெம்புகோலை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார். தாமே அப்படிகளில் வெறுங்காலோடு இறங்குவதாகத் தோன்றியது. ஒவ்வொரு படியும் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது.

"மாமா."

கை நின்றது. வடம் ஒருமுறை முனகி அடங்கியது. பாரம் யார்மேல், எதன்மேல் இடித்ததோ தெரியவில்லை. வெண்மை கூண்டின் கண்ணாடியில் முகம் வைத்து உள்ளே பார்த்தது.

வெகுநேரம் கழித்து, "ஒருத்தன் அடியில குனிஞ்சுட்டான். தள்ளிவிட்டாச்சு" என்றது குரல்.

'நில்' என்று சொல்லியிருக்கலாம். அதைவிடச் சிறிய சொல் உண்டா?

"அரியா."

பாரம் தரையைத் தொட்டதை இருக்கை சொல்லிற்று. வடம் தொய்ய, கிரேனின் நெடுங்கை நிம்மதியுற்று மேலெழுந்தது. கூண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தாடியது. அவர் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை. அவருடைய மூச்சு மட்டும் மேகத்தினூடே கீழே போய்க்கொண்டிருந்தது.