உறைபனியில் நின்ற செடிகள்

அருமைராசாவின் புற்றுநோய் மாறியும் கால் நரம்பு வலி மாறவில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்தபடி, அரசாங்க அனுமதியும் எடுத்து, மனைவி அஞ்சலீனா, கனடாவின் லவால் நகரில் இருந்த தங்கள் வீட்டின் பின்வளவில் சாடிகளில் கஞ்சாச் செடி வளர்த்தாள். ஒக்டோபரில் உறைபனி விழும் என்று அறிவித்தால், இருட்ட முன்னரே சாடிகளை வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் இழுத்துவைப்பாள். மழையில் நனைந்த பூவில் பூஞ்சணம் பிடிக்காமல் காற்றாடியும் போட்டுவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படியே உள்ளே வைத்திருந்தாள். அன்று பின்னேரம் அருமைராசாவின் தம்பி அன்டன் தன் செபக்குழுவை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தான். மறுநாள் விடிய அவள் கராஜைத் திறந்தாள். சாடிகள் இல்லை. அவை வெளியே, பனி வெளுத்த புல்லில் நின்றன. இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.

அன்டனுக்குப் போன் எடுத்தாள்.

"மணம் உள்ளுக்கு வந்தது அண்ணி. வந்த ஆக்கள் என்ன நினைப்பினம்? அதுதான் வெளியில வைச்சன்."

"உம்மட அண்ணை வலியில கத்தேக்க அந்த ஆக்கள் ஒருதரும் எட்டிப் பாக்கேல்லையே. இதென்ன களவாய் வளர்த்ததே?"

"மானம் எண்டு ஒண்டு இருக்கு அண்ணி."

"வலி உமக்கில்லை. அதுதான் மானத்தைப் பற்றிக் கதைக்கிறீர்."

போனை வைத்துவிட்டு, கருகாத பூக்கொத்துகளை வெட்டியெடுத்தாள். பாதிதான் தேறியது. அவற்றை வாசற்கதவு திறந்ததும் கண்ணில் படும் முன்னறையில் கயிறு கட்டிக் காயத் தொங்கவிட்டாள்.

"தம்பி கோவிப்பான்," என்றார் அருமைராசா.

"கோவிக்கட்டும். இனிச் செபம் வைக்கிறதெண்டா இந்த மணத்துக்குள்ள இருந்து வைக்கட்டும்."