மணல் தீரும்வரை

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குக் காலை ஒன்பதரை மணி முதல் தொலைபேசியில் பேசுவதே அவளுடைய பணி. பெயர், வகுப்பு, வராத காரணம், இவ்வளவே கேட்கலாம். அழைப்பு ஒன்றுக்கு ஒரு நிமிடம். அதை அளப்பதற்காக அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாள் தம் மேசைமீது மரச்சட்டமிட்ட மணற்கடிகை ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். மணல் தீர்ந்தும் பேச்சு நீண்டால் மஞ்சள் தாளில் குறிப்பாணை வரும். மூன்று சேர்ந்தால் பின்கட்டிலுள்ள ஆவண அறைக்கு மாற்றம். அங்கே உள்தொலைபேசி ஒன்று உண்டு. அது ஒலித்து எவரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வந்திருந்தன. கைக்குழந்தையோடும் காய்ச்சல்காரப் பிள்ளையோடும் திண்டாடிய தாய் ஒருத்தியிடம் பேசியதற்கு ஒன்று. அழைப்பை வைக்க மனமின்றி எதை எதையோ கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவருக்குப் பதில் சொன்னதற்கு மற்றொன்று.

"ஊர்க்கதை பேசவா உனக்குச் சம்பளம்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார் கண்காணிப்பாளர்.

அலுவலகத்துக் கடைநிலைப் பணியாளர் அவருக்கு 'ஒரு நிமிஷம்' என்றே பெயர் வைத்திருந்தார். "அக்கா, ஒரு நிமிஷம் வர்றாங்க, போனை வைங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் இறந்து நான்காண்டுகள். ஞாயிறுதோறும் மகள் பேசுவாள், துணி மடித்துக்கொண்டே. மற்ற நாள்களில் வீட்டில் வாய் திறப்பது குக்கர் ஒன்றுதான். இந்தக் காலை அழைப்புகளும் போய்விட்டால் அவள் பேச்சையே மறந்துவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கண்காணிப்பாளர் வரவில்லை. விடுப்புக் கடிதமும் இல்லை.

"நல்லதாப் போச்சுக்கா, இன்னிக்கு ஆசை தீரப் பேசுங்க" என்றார் பணியாளர்.

பட்டியலை முடித்தபின்னும் அவள் கண்கள் அந்த வெற்று நாற்காலிக்கே சென்றன. பதினோராண்டுகளில் ஒரு நாளும் தவறாதவர். சுவரில் எழுதியிருந்த அவருடைய வீட்டு எண்ணைப் பார்த்து அழைத்தாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"யாரு?"

"ஆபீஸ்லேருந்துதாம்மா. நீங்க வரலையேன்னு..."

"யார் கூப்பிடச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

"குளியலறையில வழுக்கிட்டேன். கால் வீங்கிக் கிடக்கு. குழாய் ஓடிட்டே இருக்கு, எழுந்து மூட முடியல."

"யாருக்காவது போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

"யாருக்கு?"

பணியாளரை வண்டியோடு அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். பின்பு பதிவேட்டில் எழுதினாள்: கண்காணிப்பாளர். கால் வீக்கம். பதினேழு நிமிடம்.

பத்து நாள் கழித்து ஊன்றுகோலோடு வந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பதினேழா? ஒண்ணுன்னு எழுதியிருக்கலாமே?"

"பேசினது பதினேழுதானேம்மா."

அவர் ஊன்றுகோலை மேசையோரம் சாய்த்து வைத்தார். பின்னர் மஞ்சள் தாளை எடுத்தார்.

"தூக்கி வண்டியில ஏத்தினவன் நான்" என்றார் பணியாளர், ஆவண அறைக்கு அவளுடைய தண்ணீர்ப் புட்டியைச் சுமந்தபடி. "எனக்கு என்ன கலர்ல வருதோ!"

அறையின் சன்னலுக்கு எதிரே சுவர். பழைய பதிவேடுகளை ஆண்டுவாரியாக அடுக்கினாள். மூன்று நாள் எவரும் வரவில்லை. மூன்றாம் நாள், தூசி தட்டும்போது தான் தும்மிய ஒலியே அவளைத் திடுக்கிட வைத்தது.

நான்காம் நாள் ஒன்பதரைக்கு உள்தொலைபேசி ஒலித்தது.

"வந்தாச்சா?"

"வந்துட்டேம்மா."

"பதிவேட்டுக்குக் கேட்டேன்."

மேசைமீது மரம் தட்டும் மெல்லிய ஓசை கேட்டது. அந்த ஓசையை அவள் நன்கறிவாள். அதன்பின் இருவரும் ஒன்றும் பேசவில்லை, வைக்கவுமில்லை. காதோடு கருவியை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள்.

"சரி, வை" என்றது குரல், மணல் தீர்ந்ததும்.