டேங்க் மூடியில் மெழுகு

யார்க்‌ஷயர் மேட்டின் பாதியில் என் பழைய பைக் மூன்றாவது முறையாக நின்றது. பழைய பைக் சங்கத்தாரோடு இன்று உச்சியை எட்டாவிட்டால் அதை விற்றுவிடுவதாகக் கணவர் கிளிஃபர்டிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

"கார்புரேட்டரைத் திருகித் திருகியே கெடுத்துட்ட, வின்னி," என்றார் பின்னால் வேனில் வந்த அவர்.

எது பழுதானாலும் முதலில் என்னையே சந்தேகிப்பது என் வழக்கம். நம்பிவிட்டேன். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் காற்றுத் துளையை மெருகேற்றும் மெழுகு அடைத்திருந்தது. காற்று புகாமல் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் எப்படி இறங்கும்?

"நேத்து பைக் அழகுப் போட்டிக்கு டேங்கைத் தேய்ச்சது யாரு?"

அவர் காது சிவந்தது. "பரிசு வாங்குச்சுல்ல?"

கொண்டை ஊசியால் மெழுகைக் குத்தி எடுத்துக் கிளம்பினேன். உச்சியில் நான் டீ குடித்து முடித்த பிறகுதான் அவருடைய வேன் வந்தது.