ஐந்தரை என்றால் எவ்வளவு

காலை ஆறரைக்கு என் போனில்தான் அந்த மெயில் வந்தது. என் மனைவி எழுதிய ஆங்கிலத் தேர்வின் முடிவு. அவளுக்கு வரவேண்டியது எனக்கு ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். அவள் டயாலிசிஸ் வார்டு நர்ஸ், பதினான்கு வருஷ சர்வீஸ். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது. அதனால் எட்டு மாதமாக அவளுடைய படிவங்களை நிரப்புகிறதும், போட்டோ ஒட்டுகிறதும், மெயில் பார்க்கிறதும் நான்தான்.

நான் தராசு மெக்கானிக். கடை, மருந்துக்கடை, பார்சல் ஆபீஸ் என்று எங்கெங்கே எடை மெஷின் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், எடைக்கல்லை வைத்துச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் பக்கம் என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, ‘தராசு’ என்றால் வீட்டையே காட்டிவிடுவார்கள். ஒரு எண் கண்ணில் பட்டால் அது சரியா தப்பா என்று நோண்டாமல் என்னால் இருக்க முடியாது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது அந்தத் தலைக்கனம்தான்.

அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரு யூனிட் முழுக்க அவள் பொறுப்பில். இங்கே பதினான்கு வருஷமாக அவளைத் தாண்டித் தாண்டி மற்றவர்களுக்குப் பதவி போனதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது சாதாரண விஷயமில்லை. ஒரே நிபந்தனை, ஆங்கிலத் தேர்வில் இருநூறுக்கு நூற்றைம்பது எடுக்க வேண்டும். அதற்காக விடியற்காலை எழுந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே குழாயோடு இங்கிலீஷ் பேசினாள். குழாய் பதில் சொல்லாததுதான் பாக்கி. இன்னொன்றும் உண்டு. முதல் இரண்டு வருஷம் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் என்னையும் எங்கள் ஒன்பது வயது வாலையும் கூட்டிக்கொள்ள முடியும். வாலு என்றால் மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் இதுதான்.

இந்தச் சமயம் பார்த்து, தேர்வு நடத்துகிறவர்கள் அளவையே மாற்றித் தொலைத்தார்கள். இருநூறு மார்க் போய்விட்டது. ஒன்றிலிருந்து எட்டு வரை, அரை அரையாக ஏறுகிற புது அளவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களின் கடிதத்திலோ பழைய நூற்றைம்பதுதான் இருந்தது.

மெயிலைத் திறந்தேன். அவள் யூனிஃபார்மில், தலையை வாரிக்கொண்டே வந்து நின்றாள்.

“என்னங்க, வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. அஞ்சரை.”

“அஞ்சரைன்னா?”

“எட்டுக்கு அஞ்சரை.”

“அது சரி. நூத்தம்பதுக்கு இது போதுமா போதாதா? அதைச் சொல்லுங்க.”

வாலுடைய நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டுக்கு இருநூறு என்றால் ஒன்றுக்கு இருபத்தைந்து. ஐந்தரைக்கு நூற்று முப்பத்தேழரை. மறுபடி போட்டேன். அதேதான். என் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது?

“பன்னெண்டரை கம்மி,” என்றேன்.

அவள் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்பாடா என்று இருந்தது. எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனமாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் ‘சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா’ என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினாலும் அந்த அப்பாடா போகவில்லை.

“அப்ப அம்மா போகலையா?” என்று வாலு ரொட்டித் துண்டோடு வந்து கேட்டது.

“இப்போதைக்கு இல்ல,” என்றாள் அவள்.

வாலு ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டது. மற்ற நாளில் பாதியை என் தட்டில் தள்ளிவிடுகிற ஜென்மம் அது.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி இருந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு மார்க் தானாகவே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். குறைந்த மார்க் அங்கே போய்ச் சேர்ந்தால் ஒரு வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஆறு மணிக்குள் அந்த மெயிலில் இருந்த பட்டனை அமுக்கி நாமே வாபஸ் வாங்கிவிட்டால் அவர்கள் கண்ணில் படாது, ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதலாம். ஆனால் வாபஸ் வாங்கினால் வாங்கியதுதான், அந்த மார்க் செத்த மாதிரி.

“நீங்களே வாபஸ் வாங்கிடுங்க. என் கையால வேணாம்,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். வார்டுக்குள் போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், மாலை ஆறரை வரைக்கும் எடுக்க முடியாது.

நான் அப்போதே வாபஸ் வாங்கியிருக்கலாம். கை வரவில்லை. காலையில் வந்த அந்த அப்பாடாவோடு போய் அந்தப் பட்டனை அமுக்கினால், நானே அவளைப் பிடித்து நிறுத்திவைத்தமாதிரி இருக்கும் என்று பட்டது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு ஒரு வேலையும் உருப்படியாக ஓடவில்லை. ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்கடியில் தவழ்ந்தேன். மருந்துக்கடைக்காரர், “என்ன தராசு, இன்னைக்கு நீயே ஆடிக்கிட்டிருக்க,” என்றார். மூன்றரை மணிக்குப் பார்சல் ஆபீஸில் இருந்தேன். அங்கே ஒரு மெஷின், மேலே ஒன்றுமே வைக்காதபோதும் ஒரு கிலோ காட்டிக்கொண்டிருந்தது. குமாஸ்தா எல்லாப் பார்சலிலும் ஒரு கிலோவை மனசுக்குள் கழித்துக் கழித்து வாரம் முழுக்க ஓட்டியிருக்கிறார்.

“இதெல்லாம் ஒரு மெஷினா சார்? பூஜ்யம் சரியா இல்லாட்டி மேல இருக்கற எந்த நம்பரையும் நம்பக்கூடாது,” என்று அவரைச் சத்தம் போட்டேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. அந்தப் புது அளவு எங்கே ஆரம்பிக்கிறது? ஒன்றில். பூஜ்யமே கிடையாது. நானோ பூஜ்யத்திலிருந்து எட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஊர் மெஷினையெல்லாம் குறை சொல்கிறவன், பெண்டாட்டியின் எதிர்காலத்தைக் கணக்குப் போடும்போது முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

அங்கேயே ஒரு பார்சல் அட்டையில் மறுபடி போட்டேன். ஐந்தரையிலும் எட்டிலும் ஒன்றைக் கழித்துப் போட்டால் நூற்று இருபத்தெட்டுச் சொச்சம் வந்தது. முன்னைவிடக் குறைவு. ஒரே மார்க்குக்கு இரண்டு விடை. எந்த விடை சரி என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதே எனக்குப் புதுசாக இருந்தது. விண்ணப்பத்துக்கு உதவி செய்த ஆலோசனை மையத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருக்கிற பெண் எதையும் நிதானமாகச் சொல்லும். அன்றைக்கு அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“சார், நீங்க ஏன் கணக்குப் போட்டீங்க? இதை வகுக்கவே கூடாது சார். பழைய மார்க்ல இத்தனைலேர்ந்து இத்தனை வரைக்கும் இருந்தா புதுசுல இந்தப் படின்னு ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. எல்லாப் படியும் ஒரே அகலம் இல்ல.”

“அப்ப அஞ்சரைன்னா எவ்வளவும்மா?”

“உங்களுக்கு அந்தப் பட்டியல்கூட வேணாம் சார். ரெண்டாம் பக்கத்துல பழைய அளவுல எவ்வளவுன்னு அவங்களே போட்டிருப்பாங்க. மாத்தின புதுசுங்கறதால ரெண்டு வருஷத்துக்குப் போடுவாங்க. பாக்கலையா நீங்க?”

இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் ஐந்தரையைப் பார்த்ததும் நோட்டை எடுத்தவன் நான். விரலால் தள்ளினேன். கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. பழைய அளவில் நூற்று ஐம்பத்து மூன்று.

“சார்? இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. நூத்தி அம்பத்தி மூணு.”

“அப்ப பாஸ் சார். வாழ்த்துகள். மேடத்துகிட்ட சொல்லிடுங்க.”

மணி நாலு பத்து.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காலையில் எழுந்து போனது திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, முன்னைவிட இரண்டு மடங்கு கனத்தோடு. மெஷினைச் சரிசெய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறினேன். எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று கேட்டால் தெரியாது. வழி நெடுக ஒன்றே ஒன்றுதான் ஓடியது. வீட்டில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். வாபஸ் வாங்கச் சொன்னது அவள்தான். ஆறு மணிக்குள் அந்தப் பட்டனை அமுக்கினால், அவள் சொன்னதைச் செய்தவன் ஆவேன், அவ்வளவுதான். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். மறுபடி எழுதுவாள், அதற்குள் எவ்வளவோ நடக்கலாம்.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வாலைக் கூட்டி வந்தேன்.

“அப்பா, நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கம்மா எங்கயும் போகலன்னு.”

“ஏன்டி உனக்கு இந்த வேலை?”

“நீதான சொன்ன, அம்மா ஃபெயில்னு.”

அப்படி நான் சொல்லவே இல்லை. ஆனால் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். வாலு உள்ளே போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியது. நான் சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் அந்தப் பட்டன் சிவப்பாக இருந்தது. இரண்டு வருஷம் வாலுக்கு யார் தலை பின்னுவது, காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பது, அங்கே போய் அவளுக்கு நாங்கள் இல்லாமலே பழகிவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்தேன். கடைசியாகத் தோன்றியதுதான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருந்தது. ஐந்து ஐம்பதுக்கு விரல் அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. விடியற்காலையில் குழாயோடு பேசிய அந்தக் குரல் ஞாபகம் வந்தது. விரலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு மணிக்கு மெயில் வந்தது. மதிப்பெண் அனுப்பப்பட்டது.

அழுகை வந்தது எனக்கு. கூடவே, நான் பெரிய மனுஷன் என்றும் தோன்றியது. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

ஏழே காலுக்கு அவள் வந்தாள். முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வாலு உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

“வாபஸ் வாங்கிட்டீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க கம்மின்னு சொன்னப்ப, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இவளை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஒரு மாசமா தூக்கமே இல்ல. அப்புறம் பஸ்ல அழுதேன், அது வேற.”

நான் போனைத் திறந்து அந்த மெயிலை எடுத்தேன்.

“வாபஸ் வாங்கல,” என்றேன். “என் கணக்கு தப்பு. ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கான். நூத்தி அம்பத்தி மூணு. ஆறு மணிக்கு அவங்களுக்குப் போயிடுச்சு. நீ பாஸ்.”

போனை வாங்கி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது, பாதியில் நின்றது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நாலு பத்துக்கு.”

“ஆறு மணி வரைக்கும் என்ன பண்ணீங்க?”

“யோசிச்சேன். வாபஸ் வாங்கறதா விடறதான்னு.” எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன் பக்கத்தில் விரல் போனதைச் சொன்னேன். எடுத்ததையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

“வார்டுல லேண்ட்லைன் இருக்குல்ல. போன மாசம் இவ சைக்கிள்லேர்ந்து விழுந்தப்ப அதுலதான பண்ணீங்க.”

“ஆமா.”

“அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?”

நான் மேஜைமேல் இருந்த போனைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

“அனுப்புங்கன்னுதான் சொல்லியிருப்பேன். கை காலெல்லாம் நடுங்கிட்டே சொல்லியிருப்பேன். ஆனா நான் சொல்லியிருப்பேன்ங்க.”

நாலு பத்திலிருந்து ஆறு வரைக்கும் ஒரு மணி ஐம்பது நிமிஷம். அவளை அனுப்பலாமா வேண்டாமா என்று அதற்குள் நூறு தடவை யோசித்திருந்தேன். அவளைக் கேட்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பட்டனை அமுக்கியிருந்தாலும் இதே தப்புதான் செய்திருப்பேன் என்று அப்போதுதான் புரிந்தது.

உள்ளேயிருந்து வாலு, “அம்மா, இங்க வாயேன்,” என்று கூப்பிட்டது. நான் எழுந்தேன். அவள் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

“இவகிட்டயாவது நான் சொல்றேன். நீங்க சும்மா இருங்க.”

முந்தானையில் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். டிவி சத்தம் நின்றது.