லவினா விழுந்து முடித்தது

ஜனவரி மாதக் குளிரில் ஒரு காலை, அல்சூர் ஏரியோரத்து மேட்டில் சைக்கிளிலிருந்து விழுந்த லவினா, தரையைத் தொட இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மேடேற அழுத்தி மிதித்தபோது கியர் பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றியது. அவள் வலப்பக்கம் சரிந்தாள். சைக்கிள் ரோட்டில் மோதியது. அவள் மட்டும் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் நின்றுபோனாள். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. டிராஃபிக் போலீஸ்காரர் ஓடிவந்து, நடு ரோட்டில் இப்படி இருக்கக்கூடாதம்மா என்று அவளை ஓரமாக நகர்த்திவிட்டார். அவள் காற்றில் எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள்.

டாக்டர் பார்த்தார். எடை குறையவில்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கோயிலில் நற்கருணை கொடுக்கும்போது ஃபாதர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார், அவ்வளவுதான். தரையில் கால் படாவிட்டாலும் லவினா செருப்புப் போட்டுக்கொண்டுதான் வெளியே போனாள். பரண்மேல் இருந்த பாத்திரங்களை ஸ்டூல் இல்லாமல் எடுத்தாள். ஆஸ்டின் டவுனில் அந்தத் தெருவே சீக்கிரம் பழகிக்கொண்டது.

பழகாதவன் அவள் புருஷன் ஜெயராஜ் ஒருவன்தான். அதே தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஐடி கம்பெனிக்காரர்கள் ஆபீஸ் போகிற வண்டிகளில், பல்சக்கரங்கள் எல்லாம் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் கியர் ஹப்புகளைப் பிரித்து ஓவராயில் செய்வதில் அவனுக்கு நல்ல பெயர். லவினாவின் வண்டியிலும் அதே ஹப்தான். உள்ளே நகக்கண் அளவுக் கொக்கிகள் உண்டு, அவற்றைத் தூக்கி நிறுத்த முடி போன்ற ஸ்பிரிங்குகள் உண்டு. மெல்லிய எண்ணெய்தான் அதற்கு ஆகும். கெட்டி கிரீஸ் பட்டால், அதுவும் குளிரில், கொக்கி மடங்கியபடியே ஒட்டிக்கொள்ளும், பல்லைப் பிடிக்காது. இதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவன் அவனே.

நாளாக ஆக அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை முதலில் கவனித்தவனும் அவன்தான். பரண் அவள் கைக்கு எட்டாமல் போனது. மேட்டில் விழுந்த வேகம் எங்கேயும் போய்விடவில்லை, தரை வரட்டும் என்று அவளுக்குள் காத்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. வீடு முழுக்க ஃபோம் மெத்தை பரப்பினான். சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு அவள் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தூங்கும்போது பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் அவள் கேட்டுவிட்டாள்.

"எதுக்கு ஜெய் பாயத் தூக்கிக்கிட்டு என் பின்னாடியே சுத்தறே? ஊர்ல எல்லாரும்தான் விழறாங்க."

"உன் ஹப்ல நான் எண்ணெய் போடல லவினா. கிரீஸ அப்பி மூடிட்டேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான். எண்ணெய் கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு. கஸ்டமர் வண்டிங்க ரெண்டு நின்னுது. நம்ம வூட்டு வண்டிதானே, அப்புறம் பாத்துக்கலாம்னு..."

அவள் குக்கரை அணைத்தாள். ஆவி முழுக்க அடங்கியதும் மூடியைத் திறந்தாள்.

"அப்ப நான் கஸ்டமரா இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்."

"மாட்டே."

மறுநாள் காலை, விழுந்த நாளிலிருந்து சும்மா நின்ற சைக்கிளை அவள் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து, காத்திருந்தவர்களின் வண்டிகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். அவள் முறை வந்தபோது ஜெயராஜ் ஹப்பைப் பிரித்தான். கிரீஸ் கறுத்து, தார் மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு கொக்கியையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெயில் முக்கி எடுத்தான். விரலால் அழுத்திவிட்டால் எல்லாம் டக்கென்று எழுந்து நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். இதோடு அவள் அடிபடாமல் தரைக்கு இறங்கிவிடுவாள் என்று நினைத்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் அதே சைக்கிளில், அதே மேட்டில் தினமும் போய்வந்தாள். ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளும் மற்றவர்களைப் போலத்தான் தெரிந்தாள். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மெத்தைகளைச் சுருட்டிக் கட்டச் சொன்னாள். கட்டினான். பாயையும் விட்டுவிட்டு வரச் சொன்னாள். விட்டான்.

மழை விட்ட ஒரு மாலை, சிவாஜிநகரில் கொத்தமல்லி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது லவினா விழுந்து முடித்தாள். நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சாய்ந்து, பழைய வேகம் குறையாமல் தரையில் கொஞ்ச தூரம் இழுபட்டுக் கிடந்தாள். முழங்கை கிழிந்தது, மணிக்கட்டு முறிந்தது. கூட்டம் கூடியது. எப்படி ஆச்சு என்று கொத்தமல்லிக்காரி கேட்டாள். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றாள் லவினா. அங்கே சைக்கிள் எதுவும் இல்லை. பார்த்துப் போகக்கூடாதா என்று சொல்லி, அந்த அம்மாள் கொத்தமல்லியைப் பையில் போட்டு, ஆட்டோ பிடித்துக்கொடுத்தாள்.

கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவளை உட்காரவைத்து ஜெயராஜ் முழங்கைக் காயத்தைக் கழுவினான். சதைக்குள் ஜல்லித் தூள் இருந்தது. சிவாஜிநகர் மண் அல்ல. ஏரியோரத்து ரோட்டு ஜல்லி, அவள் விழுந்த பிறகு தோண்டியெடுத்துப் புதிதாகப் போட்டுவிட்டார்களே, அந்தப் பழைய ரோட்டுடையது. ஒவ்வொரு துகளாகப் பஞ்சால் எடுத்தான்.

"எரியுதா?"

"எரியாம? நல்லா எரியுது ஜெய்," என்றாள் அவள், கையை இழுத்துக்கொள்ளாமல். "மெதுவா எடு."

அவன் மெதுவாக எடுத்தான்.